இருவாச்சி வாசலை அடைத்த கதை

அந்தக் காலத்தில் மலை ஏறும் வழியில் "இது சரணாலயம், சத்தம் போடாதீர்கள்" என்று பலகை கிடையாது. வைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. காடே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கருமந்தி பேசும், மலையணில் பேசும், காட்டுமாடு கூட ஆளைக் கண்டால் நின்று இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் புல்லுக்குப் போகும். மரங்களும் பேசும். ஆனால் மரம் தானாக வாய் திறக்காது. கேட்டால் மட்டும் பதில் சொல்லும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மரத்துக்கு அடியில் நின்று யார் எதைச் சொன்னாலும் மரம் அந்தச் சொல்லைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சொன்னவர் சொன்னபடி நடந்தாக வேண்டும். அதனால் வம்பளப்பதை எல்லாம் வெட்டவெளிப் புல்வெளியில் வைத்துக்கொள்வார்கள். சோலைக்குள் நுழைந்துவிட்டால் வாயாடிகூட அளந்துதான் பேசுவான்.

அந்தச் சோலைக்குப் பக்கத்தில் ஒரு மலைக்குடி வாழ்ந்தது. கிழங்கு தோண்டுவார்கள், தேன் எடுப்பார்கள், ஒரு சரிவில் கிழங்கு தீர்ந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு அடுத்த சரிவுக்குப் போவார்கள். அந்தக் குடியில் பிறந்தவள் மாதி. அவளைக் கட்டியவன் சடையன், அவளுடைய அத்தை மகன்தான். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அப்படி ஒரு ஆசை. ஆனால் பிள்ளை மட்டும் தங்கவில்லை. இரண்டு கரு வயிற்றிலேயே கலைந்து போயின. மூன்றாவது உண்டாகி, வயிறு பெரிதாகி, உள்ளே கால் உதைக்கத் தொடங்கியபோது மாதி சந்தோஷப்படவே பயந்தாள். சந்தோஷப்பட்டால் இதுவும் போய்விடுமோ என்று பயம்.

அவள் மாதம் முற்றியிருந்த நேரம் பார்த்து சரிவில் கிழங்கு தீர்ந்தது. குட்டி போட்ட யானைக் கூட்டமும் அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியது. குடி கிளம்பியாக வேண்டும், மாதியால் நடக்க முடியாது. இப்படி ஒருத்திக்கு நேர்ந்தால் என்ன செய்வது என்று அவர்களிடம் ஒரு முறை உண்டு. பெரிய மரத்தின் பொந்துக்குள் அவள் போய் உட்கார்ந்துகொள்வாள். வாசலை ஈர மண்ணாலும் குங்கிலியப் பிசினாலும் உள்ளேயிருந்து அவளே பூசி அடைப்பாள். கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் விடுவாள். புருஷன் வெளியே இருந்து அந்தச் சந்து வழியாக ஆகாரம் கொடுப்பான். புலி வந்தாலும் கரடி வந்தாலும் உள்ளே இருப்பவளுக்கு ஒன்றும் ஆகாது. அவள் பூசிய மண்ணை வெளியே இருப்பவன் உடைக்கக் கூடாது. அவன் வந்து "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும், அவள்தான் உள்ளேயிருந்து உடைக்க வேண்டும். கிளம்பும்போது "போறேன்" என்று எவனும் சொல்ல மாட்டான். "இரு, வாரேன்" என்பான். அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் அந்தக் குடியின் பெண்கள் பொந்துக்குள் இருந்தார்கள்.

மாதிக்கு ஒரு கருங்குங்கிலிய மரம் கிடைத்தது. அவளும் சடையனும் கை கோத்துச் சுற்றினாலும் அணைக்க முடியாத மரம். அதன் பொந்துக்குள் போய் அவள் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டாள்.

குடி கிளம்பிய அன்று மாதியின் அண்ணன் நஞ்சன் மட்டும் புல்வெளியில் பின்தங்கி நின்றான். தங்கையை விட்டுப் போக அவனுக்கு மனசே இல்லை. ஆனால் வயசானவர்களைச் சுமந்து ஓடையின் அந்தக் கரைக்குக் கொண்டுசேர்க்க அவன் தோள் வேண்டியிருந்தது.

"மச்சான், மொத மழைக்குள்ள திரும்பி வந்துருவேன்" என்றான் சடையனிடம். "அது வரைக்கும் தேன் பாறைக்குப் போயிராத. கயித்த நான்தான் புடிக்கணும்."

"தெரியும் மச்சான். நீ போயிட்டு வா."

மலைத்தேன் எடுப்பவன் பாறை உச்சியிலிருந்து கொடிக் கயிற்றில் தொங்கி இறங்குவான். மேலே அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு சிநேகிதனாக இருந்தாலும் வேறு ஆளை நம்ப மாட்டார்கள். கூடப்பிறந்தவளின் வாழ்வு அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று தெரிந்தவன் தேனீ கொட்டினாலும் கை அறுந்தாலும் விடமாட்டான் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

தேனுக்கு என்ன அவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் தேன் பட வேண்டும், பிறகுதான் தாய்ப்பால். தேன் படாத நாக்கில் இனிய குரல் வராது என்று அந்தக் குடியில் எல்லோரும் நம்பினார்கள். மாதிக்கென்று ஒரு மூங்கில் குழாயில் தேன் எடுத்துத்தான் வைத்திருந்தார்கள். அதைக் கரடி தின்றுவிட்டது. சடையன் போய்க் கேட்டதற்கு, "தேனுன்னு தெரியாம தின்னுட்டேன்" என்று மீசையை நக்கிக்கொண்டே சொன்னதாம்.

நஞ்சன் சொன்ன முதல் மழைக்கு முன்பே மாதிக்கு வயிறு இறங்கிவிட்டது. இடுப்பில் லேசாக வலி எடுத்து எடுத்து விட்டது. காலையில் சந்து வழியாக அத்திப்பழம் நீட்டிய சடையனின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அண்ணன் வர வரைக்கும் தாங்காது போல இருக்கு."

"தாங்கும் புள்ள. பயப்படாத."

"பயமில்ல. தேனு இல்லியே. புள்ளைக்கு நாக்குல வைக்க ஒரு சொட்டு இல்லியே."

சடையன் தேன் பாறை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "பாறை மேல இச்சி மரம் ஒண்ணு நிக்குது. அது வேருல கயித்தக் கட்டிட்டு எறங்குறேன். மச்சானவிட மரம் பலமாத்தான் இருக்கும்" என்றான்.

"மரத்துக்குத் தங்கச்சி இல்ல மாமா."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். "போகாதே" என்று அவள் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. வயிற்றுக்குள் கால் ஒன்று உதைத்தது, அவள் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டாள். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள், மூன்றாவதற்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று நினைத்தாள். இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உலர்ந்த கிழங்கும் பழமும் பல நாளைக்குத் தாங்கும் அளவுக்கு உள்ளே தள்ளிவிட்டு, சடையன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"இரு, வாரேன்" என்றான்.

"நீ வந்து கூப்புடற வரைக்கும் தொறக்க மாட்டேன். யார் வந்தாலும் தொறக்க மாட்டேன்" என்றாள் மாதி. கருங்குங்கிலிய மரம் அந்தச் சொல்லைப் பிடித்து வைத்துக்கொண்டது.

தேன் பாறையில் நின்ற இச்சி மரம் பார்ப்பதற்கு வாட்டசாட்டமாகத்தான் இருந்தது. சடையன் அதன் வேரில் கயிற்றைக் கட்டி, இழுத்துப் பார்த்து, இறங்கினான். உன் வேர் தாங்குமா என்று அந்த மரத்தை அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும், என் வேருக்குக் கீழே பாறைதான் இருக்கிறது, மண் இல்லை என்று. அவசரத்தில் அவன் கேட்கவில்லை. மரமும் சொல்லவில்லை.

தேனை எடுத்து மூங்கில் குழாயில் நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே ஏறும்போது வேர் பெயர்ந்துவிட்டது. சடையன் பாறையின் அடிப்பள்ளத்தில் விழுந்தான். இடுப்புக்குக் கீழே நொறுங்கிப் போயிற்று. குழாய் மட்டும் உடையவில்லை. அந்தப் பள்ளத்துக்கு எந்த மிருகமும் வராது. தேனீக்கள் இருந்தன, ஆனால் கூட்டை அறுத்தவனிடம் அவை பேசுமா? அவன் அங்கேயே சாகாமல், உடம்பில் சுற்றியிருந்த கயிறும் அதன் முனை வேரும் பின்னால் இழுபட, கையை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து மேலே வரத் தொடங்கினான்.

மாதி சந்தில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் வழியாகப் பார்த்தால் எதிர்மரத்துக் கிளையும் கொஞ்சம் வானமும் தெரியும். எழுந்து கன்னத்தை மண்ணில் அழுத்திச் சாய்ந்து பார்த்தால்தான் மரத்தடி தெரியும். பொழுது சாயும்வரை பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள். சத்தம் போட்டு அழவில்லை, வயிற்றுப் பிள்ளை பயந்துவிடுமே என்று மெல்ல விசும்பி அழுதாள்.

அந்த எதிர்க்கிளையில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. வாலில் நீளமாக இரண்டு கம்பி, கம்பி நுனியில் துடுப்பு மாதிரி இறகு. காட்டில் யார் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே எடுத்துவிடும். வல்லூறு மாதிரி கத்திப் புறாக்களை விரட்டிவிட்டுத் தனியாகச் சிரிக்கிற குறும்பு அதற்கு உண்டு. ஆனால் அன்று அது செய்தது குறும்பில்லை. அவள் அழுவதைக் கேட்கச் சகிக்காமல்தான் செய்தது.

"மாதி, வந்துட்டேன்" என்றது, அச்சு அசல் சடையன் குரலில்.

மாதி பதறி எழுந்து இரண்டு கையாலும் மண்ணைச் சுரண்டத் தொடங்கினாள். ஈரம் காயாத ஒரு விள்ளல் பெயர்ந்தும் வந்துவிட்டது. சந்து வழியாக அவள் கையை நீட்டினாள். அந்தக் கையை யாரும் பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தால் கிளையில் துடுப்பு வால் ஆடியது.

"நீயா? சீ, போ! என் வயித்தெரிச்சலக் கொட்டிக்காத!"

"அக்கா, நீ அழுத. அதான்..." என்று இழுத்தது கரிச்சான். அவள் இன்னும் ஏசவே, பறந்துபோயிற்று.

அது போன பிறகு வந்த அமைதி மோசமாக இருந்தது. மாதி பெயர்ந்த மண்ணை எச்சில் தொட்டுக் குழைத்து மறுபடி பூசினாள். பூசும்போதே அந்தக் குரல் காதில் நின்றது. பொய் என்று தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அதைக் கேட்ட அந்த ஒரு கணம் அவளுக்கு மூச்சு நன்றாக வந்தது, இடுப்பு வலி அடங்கியது. மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் அவளே வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டாள்.

"கரிச்சான், இருக்கியா?"

"இருக்கேன்கா."

"நேத்துச் சொன்னியே... அவரு குரல்ல. இன்னொரு தடவ சொல்லு."

"நீ ஏசுவ."

"ஏச மாட்டேன். சொல்லு."

"மாதி, வந்துட்டேன்" என்றது கரிச்சான்.

மாதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வயிற்றைத் தடவி, "உங்கப்பன் வந்துட்டாரு, கேட்டியா" என்றாள். பிறகு அந்தப் பொய்க்கும் சேர்த்து அழுதாள். அழுதுவிட்டுத் தூங்கினாள், சடையன் போனதிலிருந்து அவள் தூங்கியது அன்றுதான்.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. பொழுது சாயும், கரிச்சான் கிளையில் வந்து உட்காரும், அந்தக் குரலில் கூப்பிடும். அவள் "சரி, வந்துட்டீங்களா" என்று கேலியாகச் சொல்லிவிட்டுத் திறக்காமல் படுத்துக்கொள்வாள். பசிக்கிறவன் கனவில் சாப்பிடுவது மாதிரி அவள் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றது. கேட்காமல் அது பேசாதே.

பிறகு மழை வந்தது. காலத்துக்கு முன்பே, இடியும் காற்றுமாக, ஓடையெல்லாம் ஆறாகும்படி வந்தது. வாய் ஓயாத காடு அன்று வாயை மூடிக்கொண்டு இடுக்குகளில் ஒதுங்கிக் கிடந்தது. அந்த மழையில் மாதிக்குப் பிள்ளை பிறந்தது. தன்னந்தனியாகப் பெற்றாள், தொப்புள்கொடியைத் தன் கையாலேயே அறுத்தாள். பெண் குழந்தை. உயிரோடு, சிவப்பாக, கத்திக்கொண்டு பிறந்தது. அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு கண் செருகிக் கிடந்தாள். தேன் இல்லாததால் பால் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று விரலைச் சப்பக் கொடுத்திருந்தாள்.

பொழுது சாயும் நேரம். மழைச் சத்தத்துக்கு நடுவில் வெளியே குரல் கேட்டது.

"மாதி... வந்துட்டேன்."

அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "இன்னைக்கு வேணாம் கரிச்சான். புள்ள பொறந்திருச்சு. நெசமா அவரு வரப்போ கேட்டுக்குறேன். நீ போயி மழைக்கு ஒதுங்கு."

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "நான்தான் புள்ள... தொற" என்றது குரல்.

"இன்னைக்கு உனக்குக் குரல் சரியா வரல" என்றாள் மாதி. "அவரு இப்படியா பேசுவாரு? செத்தவன் மாதிரி."

"என்ன புள்ள?"

"பொண்ணு. போ, தூக்கம் வருது."

"பொண்ணா" என்றது குரல். அதில் ஒரு சிரிப்பு இருந்தது. அவள் அதைக் கவனித்தாள், கவனித்தும் எழுந்து பார்க்கவில்லை. நெஞ்சின் மேல் குழந்தை கிடந்தது, உடம்பில் பிசின் போல அசதி ஒட்டிக் கிடந்தது. "தொற மாதி" என்று மறுபடி கேட்டபோது அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எத்தன தடவ கூப்புட்டாலும் இன்னைக்குத் தொறக்க மாட்டேன். இந்தக் குரலுக்குத் தொறக்கவே மாட்டேன். போன்னா போ!"

மரம் அந்தச் சொல்லையும் பிடித்து வைத்துக்கொண்டது.

வெகுநேரம் கழித்து வெளியே ஒரே ஒரு சொல் கேட்டது. "இரு" என்றது. அதற்குப் பிறகு வரவேண்டிய "வாரேன்" வரவில்லை. மழைதான் பெய்துகொண்டிருந்தது.

விடியற்காலையில் மழை விட்டது. சிறகை உதறிக்கொண்டு கரிச்சான் வந்து கிளையில் உட்கார்ந்தது.

"அக்கா, கோவிச்சுக்காத. நேத்து வர முடியல. மழையில அந்தக் கரையிலயே மாட்டிக்கிட்டேன்."

அந்தச் சொற்கள் மாதிக்குள் இறங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நேத்து சாயங்காலம் நீ வரலியா?"

"வரலக்கா."

"என்னைக் கூப்புடலியா? தொறன்னு சொல்லலியா?"

"நான் எப்பக்கா தொறன்னு சொல்லியிருக்கேன்? வந்துட்டேன்னுதானே சொல்லுவேன்" என்றது கரிச்சான். சொல்லிவிட்டு அது தலையைக் குனிந்து மரத்தடியைப் பார்த்தது.

மாதி எழுந்தாள். குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கன்னத்தை மண்ணில் அழுத்திச் சாய்ந்து பார்த்தாள். முதலில் மூங்கில் குழாய் தெரிந்தது. வாயை இலையால் அடைத்துக் கொடியால் கட்டிய குழாய், அதன்மேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. பிறகு அதைப் பிடித்திருந்த கை தெரிந்தது. முழங்கை வரை தோல் உரிந்து போன கை. நகங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அவள் போட்ட கூச்சலில் சோலை முழுவதும் விழித்துக்கொண்டது. மண்ணை அடித்தாள், சுரண்டினாள், பல்லால் கடித்தாள். முந்திய நாள் வரை விரல் பட்டால் பெயர்ந்துகொண்டிருந்த மண் கல்லாகி இருந்தது. அப்போதுதான் அவள் மரத்திடம் பேசினாள். அத்தனை நாளில் அவள் அதனிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"விடு என்னை! நான் அவருகிட்டப் போகணும்!"

"நான் பிடிக்கலை தாயி" என்றது கருங்குங்கிலிய மரம். "நீ சொன்ன சொல்லுதான் பிடிச்சிருக்கு. இந்தக் குரலுக்குத் தொறக்கவே மாட்டேன்னு சொன்னே. அதுக்கு முன்னாடி, அவன் கூப்பிடாம தொறக்க மாட்டேன்னும் சொன்னே. ரெண்டும் என் கையில இருக்கு. அவனே மறுபடி வந்து கூப்பிட்டு, போகட்டும்னு அந்தச் சொல்லை விடுவிச்சாத்தான் அவிழும்."

"செத்தவரு எப்படிக் கூப்புடுவாரு?"

கேட்டதற்கு மரம் ஓர் இலையைத்தான் உதிர்த்தது.

"நேத்து வந்தது அவருதான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ என்னைக் கேக்கலையே தாயி" என்றது மரம். "கரிச்சானைத்தானே கேட்ட."

எதிர்க்கிளையிலிருந்து கரிச்சான் வாசல் பக்கத்துக்குத் தாவி வந்தது. "அக்கா, நான் கூப்புடறேன். அவரு குரல்ல கூப்புடறேன். மரம் தொறந்தாலும் தொறக்கும்." மாதியின் கையில் குழந்தை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. கரிச்சான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டது. "மாதி, வந்துட்டேன். தொற." அச்சு அசலாக இருந்தது. முந்திய நாள் வந்த உண்மையான குரலைவிட இதுதான் சடையன் மாதிரி இருந்தது. அதைக் கேட்டதும் மாதி காதைப் பொத்திக்கொண்டாள். மண்ணில் ஒரு விரிசல் கூட விழவில்லை. பெண்டாட்டியை ஏமாற்றலாம், மரத்தை ஏமாற்ற முடியவில்லை.

அதற்குப் பிறகு கரிச்சான் மனுசக் குரலில் பேசியதே இல்லை. இன்றைக்கும் அது காட்டில் எல்லோருடைய குரலையும் எடுக்கும், ஒரு ஆளின் குரலை மட்டும் எடுக்காது.

குழாய் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டவில்லை. நாள் முழுவதும் அவள் சந்து வழியாகக் கையை நீட்டிப் பார்த்தாள். எறும்பு இலையை அரித்துத் தேனுக்குள் இறங்கியது. சடையன் உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த தேன் மண்ணில் ஒழுகியது. குழந்தையின் அழுகை ஓய்ந்து முனகலானபோது மாதி அதன் வாயைத் தேன் படாமலே மார்பில் வைத்தாள். "குரல் இல்லாட்டிப் போவுது. எனக்குக் குரலே வேணாம்" என்றாள்.

மரம் அன்றைக்குப் பிறகு பேசவில்லை. மற்ற மரங்களும் பேசவில்லை. கேட்டால்தான் சொல்வேன் என்று நின்றதில் ஒரு குடும்பம் போயிற்றே என்ற வெட்கமோ என்னவோ, இன்றைக்கு நாம் கேட்டால்கூட அவை சொல்வதில்லை. கருங்குங்கிலிய மரம் தன் இலையை எல்லாம் உதிர்த்துச் சடையன் மேல் போட்டது. அதனால் முடிந்தது அவ்வளவுதான்.

சில நாளில் உள்ளே இருந்த கிழங்கு தீர்ந்தது. மாதி சந்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வழி பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிற்று, கருவிழியே வெளுத்துவிட்டது. எங்கே போகப் போகிறேன் என்று தலைமுடியைப் பிய்த்துப் பிய்த்துத் தரையில் போட்டாள். முடி இருந்த இடத்திலும் தோளிலும் ஏதோ முளைத்தது. அது என்ன என்று தொட்டுப் பார்க்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. பசியில் கிடந்த அவளுக்கு உடம்பு சுருங்குவதும் வாய் நீள்வதும் சாவு வருகிற விதம் என்றுதான் தோன்றியது.

அப்போது வெளியே இலைக் குவியல் அசைந்தது. அதிலிருந்து ஒரு பெரிய பறவை எழுந்தது. கறுப்புச் சிறகு, மஞ்சள் மூக்கு, தலையில் தேன் கூடையைக் கவிழ்த்த மாதிரி ஒரு கொண்டை, அழுது சிவந்த கண். அது சிறகடித்தபோது மரங்களுக்கு நடுவில் காற்றே இரைந்தது. அத்தி மரத்துக்குப் போய்த் திரும்பி வந்து, பொந்தின் வாசலில் தொற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துச் சந்துக்குள் நீட்டியது. "வந்துட்டேன்" என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. மூக்கால் மண்ணை ஒரு தட்டுத் தட்டியது.

மாதி தன் மூக்கை நீட்டி அந்தப் பழத்தை வாங்கிக்கொண்டாள். அது சடையன்தானா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள அவள் விரும்பவில்லை. எந்தப் பதிலை நம்புவாள்?

ஓடை வற்றி வழி திறந்த பிறகுதான் நஞ்சனால் வர முடிந்தது. மரத்தடியில் இலைக்கு நடுவில் எலும்பு கிடந்தது. காலியான மூங்கில் குழாய் கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு கயிறு, அதன் முனையில் பெயர்ந்து வந்த வேர் ஒன்று முடிச்சோடு அப்படியே இருந்தது. அவன் அந்தக் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். அவன் பிடித்திருக்க வேண்டிய கயிறு. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று அவனுக்கே தெரியாது.

பிறகு எழுந்து வாசலில் வாயை வைத்துக் கூப்பிட்டான். "மாதி! நான்தான், அண்ணன். வந்துட்டேன் தாயி, தொற."

சந்தில் கண்ணை வைத்தான். வெளுத்துப் போன கண் ஒன்று அவனை உள்ளேயிருந்து பார்த்தது. இறகு உதிர்ந்த ஒரு பறவை, அதன் அடியில் ஒரு குஞ்சு. குஞ்சு வாயைத் திறந்து கத்தியது. தேன் படாத நாக்கு, கரகரவென்று நாய் குரைப்பது போலக் கத்தியது.

நஞ்சன் இடுப்பிலிருந்து கோடரியை எடுத்தான். மண்ணில் ஒரு போடு போட்டான், ஒரு துண்டு பெயர்ந்தது. உள்ளே இருந்த பறவை பதறி எழுந்து, தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து அந்த ஓட்டையை மூக்கால் பூச ஆரம்பித்தது. அவன் கண்ணெதிரிலேயே பூசியது. அதே நேரம் தலைக்கு மேலே காற்று இரைந்தது. சிவந்த கண் பறவை வந்து வாசலில் தொற்றியது. அவனை ஒரு பார்வை பார்த்தது. பிறகு அவன் அங்கே இல்லாதது போலத் தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்துச் சந்துக்குள் கொடுக்கத் தொடங்கியது.

நஞ்சன் கோடரியைக் கீழே வைத்தான். "போயிட்டு வாரேன் தாயி" என்று சொல்ல வாயெடுத்தான். அந்த மரத்தடியில் அந்தச் சொல்லைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமலே சரிவில் இறங்கிப் போனான்.

மலையில் அந்தப் பறவைக்கு இருவாச்சி என்று பெயர். படித்தவர்கள் அதற்கு வேறு பொருள் சொல்வார்கள், சொல்லிக்கொள்ளட்டும். சடையன் கடைசியாகச் சொன்ன "இரு"வில் வந்த பெயர் அது என்றுதான் எனக்குச் சொன்னார்கள். முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாச்சி பெரிய மரமாகப் பார்த்துப் பொந்துக்குள் போய், உள்ளேயிருந்து வாசலை அடைத்துக்கொண்டு, பறக்கும் இறகை உதிர்த்துவிட்டு உட்கார்ந்துவிடும். ஆண் பழம் கொண்டுவந்து வாசலில் மூக்கால் தட்டும். எந்த வேட்டைக்காரனாவது அந்த ஆணைச் சுட்டுவிட்டால், உள்ளே இருப்பது யார் எந்தக் குரலில் கூப்பிட்டாலும் வெளியே வராது. சந்தில் வெளுத்த கண்ணை வைத்துக்கொண்டு, குஞ்சோடு சேர்ந்து அங்கேயே காய்ந்து சாகும்.

அன்று முதல்தான் இருவாச்சி குரலை நம்புவதில்லை. வந்து கூப்பிட்டவனுக்கே திறக்காத வாசலை அது இனி யாருக்காகத் திறக்கும்?